சுமை சுமந்த சிறகு: போக்குவரத்து விமானி மெஹர் சிங்கின் வாழ்வும் மறைவும் (1915–1952)

ஆய்வுச் சுருக்கம்

போர் வரலாறு பெரும்பாலும் ஆயுதம் ஏந்தியவரை மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. படைக்கு உணவும் மருந்தும் வெடிபொருளும் ஆளும் கொண்டு சேர்த்தவர்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். 1947–48ஆம் ஆண்டுக் காஷ்மீர்ப் போரில் டகோட்டாப் போக்குவரத்து விமானங்களைப் பூஞ்ச், லே ஆகிய இடங்களில் முதன்முதலாக இறக்கிய ஏர் கமடோர் மெஹர் சிங்கின் வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் முதன்முதலாகத் தலைமையேற்ற விமானப்படைப் பிரிவு திருச்சிராப்பள்ளியில் உருவானது என்பதும், போரில் உயிர் தப்பிய அவர் பின்னர் புயலில் மாண்டார் என்பதும் இங்குக் கருதப்படுகின்றன. இவற்றின் வழி, வீரமரணம் என்னும் கருத்தாக்கத்தின் எல்லைகள் தமிழ்ப் புறத்திணை மரபோடும் நடுகல் மரபோடும் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: போக்குவரத்து விமானம், மெஹர் சிங், காஷ்மீர்ப் போர், பூஞ்ச் முற்றுகை, லே, திருச்சிராப்பள்ளி, நொச்சித்திணை, நடுகல்

1. முன்னுரை

சென்னையிலிருந்து ஒலக்கூர், திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்து, கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்டது அது. சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு முதலிய இடங்களிலும் அக்காலத்து ஓடுதளங்கள் இருந்தன. ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றி, 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களில் குண்டு வீசிய பின்னர், தென்னிந்தியா போரின் பின்களமாக மாறியது. இந்த ஓடுதளங்கள் அம்மாற்றத்தின் எச்சங்களாகும்.

ஊர்மக்கள் நினைவில் இவை 'ஏரோப்ளேன் இறங்கிய இடம்' என்ற அளவிலேயே எஞ்சியுள்ளன. அவற்றைப் பயன்படுத்தியோர் யாவர், அவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்ற வினாக்கள் தமிழில் மிகுதியாக எழுப்பப்படவில்லை. அவ்வகையில் தமிழ்நிலத்தோடு தொடர்புடைய ஒரு விமானியின் வாழ்வை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. திருச்சிராப்பள்ளியில் ஒரு தொடக்கம்

மெஹர் சிங் 1915 மார்ச் 20ஆம் நாள் பஞ்சாபின் லயல்பூர் பகுதியில் பிறந்தார். அது இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என வழங்குகிறது. இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயின்று 1936இல் அதிகாரியானார். 1932 அக்டோபர் 8இல் தொடங்கப்பெற்ற இந்திய விமானப்படை அப்போது மிகச் சிறியது. வடமேற்கு எல்லைப்புறத்தில் பழைய வாபிட்டி விமானங்களைச் செலுத்துவதே அவருடைய முதற்பணியாக அமைந்தது. அங்கு ஒருமுறை விமானம் சுடப்பட்டு மலைப்பகுதியில் இறங்க நேர்ந்தபோது, தம்முடன் பறந்த துப்பாக்கி வீரரோடு இருளில் நடந்து படை முகாமை அடைந்தார்.

1942 டிசம்பர் 1ஆம் நாள் இந்திய விமானப்படையின் 6ஆம் பிரிவு திருச்சிராப்பள்ளியில் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவராக ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங் பொறுப்பேற்றார். ஹரிக்கேன் விமானங்களைக் கொண்ட அப்பிரிவு 1943 இறுதியில் வங்காளத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்குச் சென்று அரக்கான் போர்முனையில் ஈடுபட்டது. எதிரியின் நிலைகளைத் தாழப் பறந்து கண்டறிவதும், ஒளிப்படம் எடுத்து வருவதும் அதன் தலையாய பணிகளாகும். 14ஆம் படையின் கண்கள் என அப்பிரிவு புகழப்பட்டது. 1944 மார்ச்சில் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இவ்விருதைப் பெற்ற இந்திய விமானப்படை அதிகாரி அவர் ஒருவரே.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. வேவு விமானியின் வெற்றி எதிரியை வீழ்த்துவதால் அளவிடப்படுவதன்று. கண்ட செய்தியோடு திரும்பி வருவதால் அளவிடப்படுவது. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட போக்குவரத்துப் பணிக்கும் இதுவே அளவுகோலாயிற்று. சுமையைச் சேர்ப்பதும், விமானத்தைத் திரும்பக் கொண்டுவருவதும், மறுநாள் மீண்டும் செல்வதுமே அங்கு வெற்றி எனப்படும்.

3. டகோட்டாவும் காஷ்மீர்ப் போரும்

1947 அக்டோபர் 26இல் காஷ்மீர் மன்னர் இணைப்பு ஆவணத்தில் கையொப்பமிட்டார். மறுநாள் விடியலில் டெல்லியின் வில்லிங்டன் விமானத் தளத்திலிருந்து 12ஆம் பிரிவின் டகோட்டாக்கள் சீக்கியப் படைப்பிரிவின் முதல் அணி வீரர்களுடன் ஸ்ரீநகர் நோக்கிப் புறப்பட்டன. ஓடுதளம் எதிரியின் கையில் இருக்கிறதா என்பது உறுதியாகத் தெரியாத நிலையிலேயே அவை சென்று இறங்கின. பயணிகள் விமான நிறுவனங்களின் டகோட்டாக்களும் அவற்றின் விமானிகளும் இப்பணியில் இணைந்தனர். முதல் நாள்களில் ஸ்ரீநகரைக் காத்தது இந்த வான்வழிப் பாலமே.

டகோட்டா இரட்டை எஞ்சின் கொண்டது. ஏறத்தாழ 29 மீட்டர் இறக்கை அகலமுடைய அது, பயணிகள் விமானமாக வடிவமைக்கப்பட்டுப் பின்னர்ப் படைப்பணிக்கு மாற்றப்பட்டது. தற்காப்புக்குத் துப்பாக்கி இல்லை. தரையிலிருந்து வரும் குண்டுகளைத் தடுக்கக் கவசமும் இல்லை. உயரத்தில் காற்றழுத்தத்தைக் காக்கும் அமைப்பும் அதில் இல்லை. அத்தகைய விமானத்தைக் கொண்டு மலைநாட்டில் நிகழ்ந்த ஒரு போரை நடத்த வேண்டியிருந்தது. ஏர் கமடோர் பொறுப்பில் மெஹர் சிங் ஜம்மு காஷ்மீர்ப் பகுதியின் விமானப்படைச் செயற்பாடுகளுக்குத் தலைமையேற்றார்.

4. பூஞ்ச்: ஒரு நொச்சிப் போர்

பூஞ்ச் நகரம் 1947 நவம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் முற்றுகையில் இருந்தது. படைவீரர்களோடு பல்லாயிரக்கணக்கான அகதிகளும் உள்ளே அடைபட்டிருந்தனர். பிரிகேடியர் பிரீதம் சிங்கின் தலைமையில் வீரர்களும் அகதிகளும் சேர்ந்து ஓடுதளம் ஒன்றைச் சமன் செய்தனர். சுற்றிலும் ஓடைகளும் உயர்ந்த குன்றுகளும் சூழ்ந்த அவ்விடத்தில் கிடைத்த நீளம் டகோட்டாவுக்கு மிகவும் குறைவு. 1947 டிசம்பரில் மெஹர் சிங் முதல் டகோட்டாவை அங்கு இறக்கினார். விமானப்படையின் மூத்த அதிகாரியான சுப்ரதோ முகர்ஜி அவருடன் பயணம் செய்தார்.

அதன்பின் உணவும் மருந்தும் வெடிபொருளும் உள்ளே சென்றன. காயமுற்றோரும் அகதிகளும் வெளியே கொண்டுவரப்பட்டனர். குன்றுகளிலிருந்து எதிரியின் பீரங்கிகள் ஓடுதளத்தைத் தாக்கியபோது, இருளில் எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தில் டகோட்டாக்கள் இறங்கிப் பீரங்கிகளைச் சேர்த்தன. 1948 நவம்பரில் தரைப்படை வந்து இணையும் வரை பூஞ்ச் வீழவில்லை.

தமிழ்ப் புறத்திணை மரபு மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் பிரித்துக் காட்டுகிறது. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞையுள் அடக்கும். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாகக் கொள்ளும். எந்த முற்றுகையிலும் முடிவைத் தீர்மானிப்பது வாளைவிடச் சோறே என்பதற்குத் திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையே சான்றாகும். 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையின் இடையில், வளைத்த படையே மராத்தியரால் வளைக்கப்பட்டது. உணவின்றித் தவித்த படையுடன் சுல்பிகர் கான் 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. வழங்கல் வழி அறுந்தால் வளைத்தவனும் அடைபட்டவனாகிறான். பூஞ்சில் அவ்வழி வானில் அமைந்தது. அதை அறுபடாமல் காத்தவர்கள் போக்குவரத்து விமானிகள். அவ்வகையில் அவர்களை நொச்சி மறவர் என்று கொள்வது பொருந்தும்.

5. லே: காற்று மெலிந்த இடத்தில் இறங்குதல்

1948 கோடையில் லடாக்கின் தலைநகரான லே வீழும் நிலையில் இருந்தது. அதைக் காக்கப் பிருதி சந்த் என்னும் அதிகாரியின் தலைமையில் சிறு படையொன்று முன்னரே பனிமூடிய சோஜிலாக் கணவாயை நடந்து கடந்து சென்றிருந்தது. லடாக்கியப் பொறியாளர் சோனம் நோர்பு அவ்வூர் மக்களைக் கொண்டு சிந்து ஆற்றின் அருகே ஓடுதளம் ஒன்றை அமைத்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அது இருந்தது. 

1948 மே 24ஆம் நாள் மெஹர் சிங் தம் டகோட்டாவில் படைத்தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரிலிருந்து லே நோக்கிப் புறப்பட்டார். வழியில் சோஜிலா, 13,000 அடிக்கும் மேற்பட்ட போதுலா ஆகிய கணவாய்கள் உள்ளன. வரையறுக்கப்பட்ட விமானப் பாதையோ, முறையான வழிகாட்டு வரைபடமோ இல்லை. இறக்கைகளில் பனி உறைவதைத் தடுக்கும் கருவியும் இல்லை. மலைமுடிகளைத் தவிர்க்க 20,000 அடிக்கும் மேலான உயரத்தில் பறக்க வேண்டியிருந்தது.

இறங்குவதே மிகவும் இடரானது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. எனவே விமானம் தரையைத் தொடும் உண்மையான வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். எஞ்சினின் ஆற்றலும் குறைவதால் மீண்டும் எழ நீண்ட ஓட்டம் தேவைப்படும். இறங்கிய பின் எழ முடியாவிட்டால், விமானமும் தளபதியும் லேயிலேயே சிக்கியிருப்பர். மெஹர் சிங் இறங்கினார், திரும்பியும் வந்தார். அடுத்த சில நாள்களில் கூர்க்கா வீரர்கள் விமானம் வழியே லே சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்கர்டு வீழ்ந்தது, லே நிலைத்தது. வழங்கல் கிடைத்த இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு ஊர்களின் விதியே காட்டுகிறது.

தலைவர் தாமே முதலில் பறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இயலாது எனக் கருதப்பட்ட ஓடுதளத்தில் இறங்குமாறு ஆணையிடுவதினும், தாமே இறங்கிக் காட்டுவதே இளைய விமானிகளுக்கு நம்பிக்கை தரும். ஒரு தலைவரை இழக்கும் இடரைப் படை ஏற்க வேண்டுமா என்ற எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பூஞ்சிலும் லேயிலும் முதல் விமானத்தைத் தொடர்ந்து பிற விமானங்கள் தடையின்றிச் சென்றன என்பது அம்முடிவின் பயனை உணர்த்துகிறது.

6. விலகலும் மறைவும்

போர் முடிவதற்கு முன்பே, 1948இல் மெஹர் சிங் விமானப்படையிலிருந்து விலகினார். 1950 ஜனவரி 26இல் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அப்போது அவர் படையில் இல்லை. 1952 மார்ச்சில் ஜம்முவிலிருந்து டெல்லி நோக்கி விமானம் செலுத்தி வந்தபோது புயலில் சிக்கி உயிரிழந்தார். அவருடைய 37ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தன.

எல்லைப்புறத்தில் சுடப்பட்டும், அரக்கானில் தாழப் பறந்தும், பூஞ்சின் பீரங்கிகளுக்கு இடையே இறங்கியும் உயிரோடு திரும்பிய ஒருவர், எதிரியே இல்லாத வானில் மாண்டார். மரபார்ந்த பொருளில் இது வீரமரணம் அன்று. போர்க்களச் சாவுப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனால் போக்குவரத்து விமானியின் தொழிலில் எதிரி என்பது பெரும்பாலும் மலையும் மேகமும் மெலிந்த காற்றுமே. போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும் அவ்வெதிரி மாறுவதில்லை. 2016 ஜூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் காணப்பட்டதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய இறப்பையும் போர் என்ற சொல்லால் மட்டும் அளக்க இயலாது.

7. நடுகல் தரும் விடை

நடுகற்கள் போரில் பட்ட மறவருக்கே உரியவை என்ற பொதுக்கருத்து உண்டு. செங்கம் பகுதி நடுகற்களில் பெரும்பாலானவை ஆநிரைப் பூசலில் இறந்தோரைக் குறிப்பன என்பது உண்மையே. ஆயினும் அதே பகுதியின் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது, இறந்த வீரனோடு கோவிவன் என்னும் நாயையும் பொறித்துள்ளது. கள்வரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயரைக் கல் இன்றும் காக்கிறது. நினைவுக்குரியவர் யார் என்பதை முடிவு செய்கையில், ஏந்திய ஆயுதத்தை அன்று, உடன்நின்ற கடமையையே அக்கல்லை எழுப்பியோர் கருதினர் என இதிலிருந்து உய்த்துணரலாம். இவ்வளவுகோலைக் கொண்டால், சுமை சேர்த்த விமானிக்கும் வரலாற்றில் முழுமையான இடம் உண்டு.

8. முடிவுரை

மெஹர் சிங்கின் வாழ்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, காஷ்மீர்ப் போரில் ஸ்ரீநகர், பூஞ்ச், லே ஆகியவை நிலைத்ததற்கு வான்வழி வழங்கல் அடிப்படைக் காரணமாக அமைந்தது. இரண்டு, அவ்வழங்கலைத் தலைமையேற்று நடத்தியவர் முதன்முதலில் ஒரு விமானப் பிரிவைக் கட்டியமைத்த இடம் திருச்சிராப்பள்ளி. எனவே இவ்வரலாறு தமிழக வட்டார வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகும். மூன்று, களத்தில் நிகழ்ந்த சாவை மட்டுமே வீரமரணமாகக் கொள்ளும் வரையறை, நம் நடுகல் மரபின் அகற்சிக்கும் குறைந்ததாகவே உள்ளது.

உளுந்தூர்ப்பேட்டை முதலிய ஓடுதளங்கள் குறித்த வட்டார ஆய்வுகள் நிலம், கட்டுமானம் என்ற அளவில் நின்றுவிடாமல், அங்கு வந்து சென்ற மனிதர்களையும் தேடிச் செல்லுமாயின், பெயர் மறைந்த பலர் வரலாற்றுக்குள் மீண்டு வருவர்.