கால் பைசா இடைவெளி

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரருக்கு நூல் விலைக்கு அடுத்த கவலை டாலர் விலை. 2008-க்கு முன் அவருக்கு இருந்த வழி வங்கி ஒன்றுதான். மூன்று மாதம் கழித்து வரப்போகிற டாலருக்கு இன்றைக்கே விலை பேசி ஃபார்வர்டு போடுவார். வங்கியோ தன் லாபத்தை விலைக்குள்ளேயே வைத்துச் சொல்லும். 10,000 டாலர் பில்லுக்குப் பத்து பைசா குறைத்துச் சொன்னால் 1,000 ரூபாய் போயிற்று. எந்த ரசீதிலும் அது தெரியாது. பெரிய கம்பெனி நாலு வங்கியில் விலை கேட்கும். சின்ன ஆள் சொன்ன விலைக்குத் தலையாட்டுவார்.

2008 ஆகஸ்ட் 29 அன்று தேசியப் பங்குச் சந்தையில் (என்எஸ்இ) டாலர் ஃபியூச்சர்ஸ் வந்தது. அதே முன்பேரம்தான், வங்கிக்குப் பதில் சந்தையில். நான் அப்போது ஒரு சப்-புரோக்கர் ஆபீசில் டெர்மினல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாட் 1,000 டாலர். விலை கால் பைசா கால் பைசாவாக நகரும். லாட்டுக்கு இரண்டரை ரூபாய். சந்தை சூடுபிடித்த பிறகு, நடப்பு மாதக் காண்ட்ராக்டில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே அந்தக் கால் பைசாதான் பெரும்பாலும் இருந்தது. பத்து லாட்டுக்கு 25 ரூபாய். வங்கி எடுத்த ஆயிரத்துக்குப் பக்கத்தில் இதை எழுதிக் காட்டினால் போதும், படிவத்தில் கையெழுத்து விழுந்துவிடும்.

ஏற்றுமதிப் பாக்கி இல்லாதவரும் வரலாம் என்றது ரிசர்வ் வங்கியின் அன்றைய வழிகாட்டுதல். ஜாப் ஒர்க் செய்பவர், நகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் எல்லோரும் வந்தார்கள். அந்தக் கூட்டம்தான் இடைவெளியைச் சுருக்கியது என்பது என் கட்சி. ஊகவணிகம் என்று முகம் சுளிப்பவர்கள் இதை மட்டும் பேசமாட்டார்கள்.

நாணயப் பிரிவில் என்எஸ்இ பரிவர்த்தனைக் கட்டணமும் வாங்கவில்லை. 2008 அக்டோபரில் தொடங்கிய எம்சிஎக்ஸ்-எஸ்எக்ஸ் என்ற போட்டிச் சந்தைக்கு அப்போது நாணயத்தை விட்டால் வேறு பிரிவு கிடையாது. இலவசத்தோடு எப்படிப் போட்டியிடுவது? போட்டி ஆணையத்துக்குப் போனது. 2011 ஜூனில் ஆணையம் என்எஸ்இக்கு 55.5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு கட்டணம் வந்தது. காண்ட்ராக்ட் நோட்டில் ஒரு வரி கூடியது, சில்லறைதான்.

பெரிய அடி 2013-ல் விழுந்தது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த நேரம். ஜூலை 8 அன்று செபி டாலர் காண்ட்ராக்டுக்குக் கட்ட வேண்டிய முன்பணமான மார்ஜினை இரட்டிப்பாக்கியது. வங்கிகள் இந்தச் சந்தையில் சொந்தக் கணக்கில் வாங்கி விற்கக் கூடாது என்று அதே நாளில் ரிசர்வ் வங்கி சொன்னது. புரோக்கரேஜ் ஒரு பைசா ஏறவில்லை. ஆனால் கடன் வாங்கி மார்ஜின் கட்டியவருக்கு வட்டி இரண்டு மடங்கு. வங்கிகளின் பெரிய ஆர்டர்கள் போனதும் திரையில் விலைக்கும் விலைக்கும் இடையில் ஓட்டை விழுந்தது. கட்டண அட்டவணையை மட்டும் பார்த்துச் செலவு கணக்கிடுகிறவர் இந்த இரண்டையும் காணமாட்டார். இத்தனைக்கும் ரூபாய் அடங்கவில்லை. ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டிச் சரிந்தது.

அதன்பின் கெடுபிடிகள் தளர்ந்தன. தள்ளுபடி புரோக்கர்கள் வந்து, எங்களைப் போன்ற ஆபீசுகளின் பிழைப்பில் கைவைத்தார்கள். 2024 ஜனவரி 5 அன்று வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைதான் கூட்டத்தையே கலைத்தது. அந்நியச் செலாவணியில் நிஜமான வரவு செலவு இருப்பவர்தான் இங்கே வரலாம். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டாம்; ஆனால் அந்த வரவு செலவு இருந்தாக வேண்டும். இது புது விதியே அல்ல, காகிதம் கேட்பதைத்தான் முன்பு தளர்த்தினோம் என்று ரிசர்வ் வங்கி விளக்கியது. ஏப்ரல் 5 என்றிருந்த தேதி மே 3-க்குத் தள்ளிப்போனது. அதற்குள் புரோக்கர்கள் வாடிக்கையாளரிடம் உறுதிமொழி கேட்க, பலர் பொசிஷனை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஏற்றுமதிக்காரர் தாராளமாக இருக்கலாம்; எதிர்ப்பக்கம் விலை சொல்லத்தான் ஆள் குறைந்துபோனது.

ஏற்றுமதிக்காரர்களில் சிலர் மறுபடி வங்கிப் பக்கம் போயிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு மாற்றம் உண்டு. 2019 ஆகஸ்டில் கிளியரிங் கார்ப்பரேஷன் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீட்டெய்ல் தளத்தில் சந்தை விலை வேறு, வங்கியின் கட்டணம் வேறு. வங்கி தன் பங்கை முன்கூட்டியே தனியாகச் சொல்லியாக வேண்டும். அதில் பதிந்து தரும்படி மேனேஜரிடம் நாமேதான் கேட்க வேண்டியிருக்கிறது.