கடலை உருண்டையும் தாத்தாவின் தறியும்



சென்ற மாதம் நம் வளாகக் குழந்தைகளுக்குக் கடலை உருண்டை கொடுத்தேன். ஒரு சிறுமி, "தாத்தா, இது கோவில்பட்டியில வாங்கினதா?" என்று கேட்டாள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். எனக்கு இந்த இனிப்பு அறிமுகமானது அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் தாத்தாவின் தறிக் குழி ஓரத்தில்.

நிலக்கடலை நம் மண்ணில் தோன்றிய பயிர் அல்ல. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. நம் வட மாவட்டங்களில் அதற்கு 'மணிலாக்கொட்டை' என்றும், பேச்சில் 'மல்லாட்டை' என்றும் பெயர். ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலா நகரம்தான் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகளுக்காகப் புதுச்சேரியிலிருந்து கடலை கப்பலேறியது. அந்தக் கிராக்கியால் ஆற்காட்டுப் பக்கம் சாகுபடி பெருகியது. சுற்றுவட்டாரத்தில் விளைந்த கடலையும் வெல்லமும் போதும். நெய், முந்திரி வேண்டாம். நெசவாளி வீட்டுக்கும் கட்டுப்படியான இனிப்பு அது.

எங்கள் வீட்டில் பாட்டி கடலையை மணலில் வறுத்து, தோல் நீக்கி, முறத்தில் புடைப்பார். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். பிறகு அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் உருட்டுவார். உருண்டை டப்பா தாத்தாவிடம் இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய மூன்று நாடா வேண்டும். நெசவாளி ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ளக் கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் ஒரு சிறுவன்தான். எங்கள் வீட்டில் நான். ஒரு முழம் நெய்தால் ஓர் உருண்டை.

நான்காம் வகுப்பில் கணக்கில் பெயிலானேன். பள்ளிக்குப் போன நாட்களைவிடத் தறியில் உட்கார்ந்த நாட்கள் அதிகம். மதிப்பெண் அட்டையைப் பார்த்த தாத்தா திட்டவில்லை. "கண்ணு, நாளையிலேருந்து நீ குழியில இறங்க வேணாம். உருண்டை மட்டும் வந்து வாங்கிக்கோ" என்றார்.

அதன்பின் அவர் கோர்வை இல்லாத சேலைகளையே நெய்தார். அதற்குக் கூலி குறைவு. அந்த வித்தியாசத்தை யார் தாங்கினார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பி.காம். முடித்து, வங்கியில் பற்று வரவு எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். தாத்தா அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன் கூலியைக் குறைத்துக்கொண்டு என்னை விடுவித்துவிட்டார்.

2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. இன்று கோர்வைச் சேலையைக் கண்டால் என் கண் முதலில் கரையும் உடலும் சேரும் இடத்துக்குத்தான் போகிறது.

அடுத்த ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் பாகு காய்ச்சுகிறோம். குழந்தைகளை அனுப்பி வையுங்கள். உருட்டக் கற்றுக்கொள்ளட்டும். அவர்கள் முழம் கணக்கு எதுவும் காட்ட வேண்டாம்.