கடற்கரைப் பூங்காவில் யாருக்குச் சிலை?

நகரை நிறுவியவரை நீர்க்கரையிற் பூங்கா அமைத்து நினைவுகூர்வது உலக வழக்கு. முல்லைத்தீவுக் கடற்கரையிலும் அத்தகையதொரு பூங்கா அமைய வேண்டுமாயின், யாரை நினைவுகூர்வது என்பதே முதலில் எழும் வினாவாகும்.

பலரும் பண்டாரவன்னியனின் பெயரையே கூறுவர். அதிற் பிழையில்லை. 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றியவன் அவன். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றான். அத்தோல்வியைப் பதிவு செய்ய ஆட்சியாளர் நாட்டிய கல்லையே எமது மக்கள் வீரனின் நினைவுச் சின்னமாக ஏற்றுக்கொண்டனர். ஆயினும், அவன் இம்மண்ணுக்காகப் போராடியவனேயன்றி இந்நகரை நிறுவியவன் அல்லன்.

முல்லைத்தீவுக்குத் தனியொரு நிறுவுநர் இல்லை. கரைவலை இழுத்த கடற்றொழிலாளரும், குளங்களை நம்பி வயல் செய்த உழவரும், தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய ஊர்களில் வேரூன்றிய முஸ்லிம்களும் கூடி வளர்த்த மண் இது.

இவ்விடயத்தில் சிங்கப்பூரின் அனுபவம் கவனத்திற்குரியது. 1819இல் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் கரையிறங்கியதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் அவரது வெண்சிலை தனித்து நின்றது. இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, 2019 ஜனவரியில் அச்சிலையருகே மேலும் நால்வரின் சிலைகள் தற்காலிகமாக வைக்கப்பட்டன. பலெம்பாங் இளவரசன் சங் நீல உத்தம, சீன வணிகர் டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, தமிழரான நாராயண பிள்ளை ஆகியோரே அந்நால்வர். நகரம் ஒருவரால் மட்டும் உருவாவதில்லை என்பதை அந்நாடு ஆற்றங்கரையிலேயே ஒப்புக்கொண்டது.

முல்லைத்தீவுக்கு இப்பாடம் மேலும் அவசியமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் இம்மாவட்டத்தவரும் அடங்குவர். ஊரின் வரலாற்றைக் கூறும் கல்லிலும் அவர்களுக்கு இடமில்லையெனில், அது இரண்டாவது வெளியேற்றமாகவே அமையும்.

பூங்காவின் வடிவமும் வரலாற்றுக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்நகரைச் சிதைத்தது. 2009இல் இம்மாவட்டக் கரையோரத்திலேயே போர் பேரழிவுடன் முடிவுற்றது. ஆகவே, உயர்ந்த மதில்களுக்குப் பதிலாகத் தாழையும் பனையும், அலை வந்தால் மக்கள் உள்நிலத்துக்கு விரைவதற்குத் தடையற்ற அகன்ற பாதையும், இழந்தோரை எண்ணி அமைதியாக அமர ஓரிடமும் தேவை. கரைவலைப் பாடுகளையும் வள்ளங்கள் ஏற்றும் இடங்களையும் பூங்கா விழுங்கிவிடலாகாது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபையின் பங்களிப்பும் இருந்தாற் போதாது. கரையை நம்பி வாழ்வோரின் சம்மதமே முதன்மையானது.

பண்டாரவன்னியனுக்குச் சிலை அமையட்டும். அதனருகே, இம்மண்ணை வளர்த்த அனைவரின் கதையும் தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றிப் பொறிக்கப்படட்டும். தனது வரலாற்றைத் தேடி வரும் எவரும் அங்கு அந்நியராய் நிற்கும் நிலை ஏற்படலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.