ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரி

ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரி என்பது இங்கிலாந்தின் கென்ட் கவுண்டியில், ஸ்வான்லிக்கு அருகிலுள்ள ஹெக்ஸ்டபிள் என்னும் ஊரில் 1889 முதல் 1945 வரை இயங்கிய தொழிற்கல்வி நிறுவனம் ஆகும். ஆண்களுக்கெனத் தொடங்கப்பட்ட இக்கல்லூரி 1891 ஆம் ஆண்டு பெண்களையும் சேர்த்துக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது முற்றிலும் பெண்களுக்குரிய கல்லூரியாக மாறியது. தோட்டக்கலையை ஊதியத்துக்குரிய தொழிலாக மேற்கொள்ள விரும்பிய பெண்களுக்கு முறையான பயிற்சி அளித்த முன்னோடி நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோட்டக்காரராக விரும்பிய ஒருவர் பள்ளியில் சேருவதில்லை. ஏறத்தாழ பதினான்கு வயதில் ஒரு பெரிய மாளிகைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரரின் கீழ் வேலை பழகத் தொடங்குவார். சட்டிகளைக் கழுவுதல், நீர் இறைத்தல், பசுங்குடில்களின் கொதிகலன்களுக்கு இரவில் கரி இடுதல் ஆகியவை முதற் பணிகளாக இருந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி, ஒவ்வொரு தலைமைத் தோட்டக்காரரிடமிருந்தும் நற்சான்று பெற்று முன்னேறுவதே வழக்கம். மணமாகாத இளம் தோட்டக்காரர்கள் தோட்டச் சுவரை ஒட்டிய பொதுக் குடியிருப்பில் சேர்ந்து வாழ்ந்தனர்.

இம்முறையில் பெண்கள் நுழைய வழியிருக்கவில்லை. களை எடுத்தல், பழம் பறித்தல் போன்ற நாட்கூலி வேலைகளைப் பெண்கள் நெடுங்காலமாகவே செய்து வந்தபோதிலும், தொழில் பழகுநராக அவர்களை எவரும் ஏற்கவில்லை. பயிற்சி இல்லாததால் பொறுப்பான வேலை கிடைக்கவில்லை. வேலையில் சேர்க்கப்படாததால் பயிற்சியும் கிடைக்கவில்லை. தோட்டச் சுவருக்கு வெளியே, கட்டணம் செலுத்திப் படிக்கக்கூடிய ஒரு பள்ளி தோன்றியபோதுதான் இந்நிலை மாறத் தொடங்கியது.

தோற்றமும் மாணவர் சேர்க்கையும்

1889 ஆம் ஆண்டு ஆர்தர் ஹார்ப்பர் பாண்ட் என்பவர் ஹெக்ஸ்டபிள் மாளிகையில் இக்கல்லூரியைத் தனியார் நிறுவனமாகத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் பெண்கள் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. 1894 அளவில் மாணவர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தனர். 1903 அளவில் ஆண்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

மரபான தொழில் பழகு முறையிலிருந்து இக்கல்லூரியின் சேர்க்கை முறை மூன்று வகையில் வேறுபட்டது.

முதலாவதாக, விண்ணப்பிப்பவர் முன்னரே தோட்டத்தில் வேலை செய்திருக்க வேண்டியதில்லை. தலைமைத் தோட்டக்காரரின் நற்சான்று கிடைக்க வழியில்லாத பெண்களுக்கு இதுவே முதன்மையான வாய்ப்பாக அமைந்தது.

இரண்டாவதாக, மாணவியருக்கெனத் தனி விடுதி இருந்தது. ஆண்களின் பொதுக் குடியிருப்பில் பெண்கள் தங்க இயலாது என்பது அவர்களைப் பயிற்சிக்குச் சேர்க்க மறுத்தவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. விடுதி அக்காரணத்தை இல்லாமற் செய்தது.

மூன்றாவதாக, தொழில் பழகுநர் சிறிதளவேனும் கூலி பெற, கல்லூரி மாணவியரோ கல்விக்கும் தங்கலுக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இதனால் சேர்ந்தவர்களுள் பெரும்பாலானோர் நடுத்தர, உயர் நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நாட்கூலிக்குக் களை எடுத்த பெண்களுக்கு இக்கல்லூரியின் வாயில் எளிதில் திறக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பயிற்சி

பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள் நீடித்தது. மாணவியர் நாளின் ஒரு பகுதியை வகுப்பறையிலும் ஆய்வுகூடத்திலும், எஞ்சிய பகுதியைத் தோட்டத்திலும் கழித்தனர். தாவரவியல், வேதியியல், மண்ணியல் ஆகியவை பாடங்களாக இருந்தன. மண் கொத்துதல், பதியன் இடுதல், ஒட்டுக்கட்டுதல், கவாத்து செய்தல், பசுங்குடிலில் தக்காளி, கொடிமுந்திரி போன்றவற்றை வளர்த்தல், பழங்களைத் தரம் பிரித்துச் சந்தைக்கு அனுப்புதல் ஆகியவை செய்முறைப் பயிற்சியில் அடங்கின. தேனீ வளர்ப்பும் கற்பிக்கப்பட்டது. மாணவியர் அரச தோட்டக்கலைச் சங்கம் நடத்திய பொதுத் தேர்வுகளையும் எழுதினர்.

தேர்வும் அனுமதியும்

தேர்வில் வெற்றி பெறுவதும் ஒரு பயிற்சி நிறுவனத்தில் இடம் பெறுவதும் வெவ்வேறானவை என்பதை அக்கால நிகழ்வு ஒன்று காட்டுகிறது. 1898 ஆம் ஆண்டு அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தேர்வில் ஒலிவ் ஹாரிசன் என்ற பெண் அனைவரிலும் கூடுதலான மதிப்பெண் பெற்றார். முதலிடம் பெறுபவருக்கு உதவித்தொகையுடன் சிசிக்கில் இருந்த சங்கத்தின் தோட்டத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பு உரியதாக இருந்தது. ஆயினும் அவர் பெண் என்பதால் அந்த இடம் மறுக்கப்பட்டது. தேர்வு எழுதுவதற்குப் பெண்களுக்குத் தடை இருக்கவில்லை. ஒரு பெண் முதலிடம் பெற்று அவ்விடத்தைக் கோரக்கூடும் என்பதைச் சங்கத்தினர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

கியூ தோட்டத்தில் ஸ்வான்லி மாணவியர்

இலண்டனிலுள்ள கியூ அரச தாவரவியல் பூங்கா, அக்காலத்தில் தோட்டக்காரர்களுக்கான மிக உயர்ந்த பயிற்சி இடமாகக் கருதப்பட்டது. அங்கு பயின்றவர்கள் பிரித்தானியப் பேரரசின் பல பகுதிகளில் தாவரவியல் பூங்காக்களின் பொறுப்பை ஏற்றனர். 1848 இல் உதகமண்டலத்துக்கு வந்து அங்குள்ள தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர், 1895 இல் இலங்கைக்கு வந்து பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய எச். எஃப். மேக்மில்லன் ஆகியோர் கியூவில் பயிற்சி பெற்றவர்களே.

1896 ஆம் ஆண்டு ஸ்வான்லியில் பயின்ற ஆன்னி கல்வின், ஆலிஸ் ஹட்சிங்ஸ் ஆகிய இருவரும் கியூவில் தோட்டக்காரர்களாகச் சேர்க்கப்பட்டனர். அங்கு இவ்வகையில் சேர்க்கப்பட்ட முதற் பெண்கள் இவர்களே. அப்போதைய இயக்குநர் வில்லியம் திசெல்டன் டயர், உடன் பணிபுரியும் ஆண்களின் கவனம் சிதறாதிருக்க வேண்டும் என்று கருதி, இவர்கள் ஆண்களைப் போன்றே முழங்கால் வரையிலான காற்சட்டையும், கம்பளிக் காலுறையும், தொப்பியும் அணிய வேண்டும் என விதித்தார். விளைவு எதிர்மாறாக அமைந்தது. செய்தித்தாள்கள் இவ்வுடையைப் பற்றி எழுத, காற்சட்டை அணிந்த பெண்களைக் காண மக்கள் திரண்டனர்.

ஆன்னி கல்வின் 1897 இல் வேல்சிலுள்ள ஒரு மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராகப் பொறுப்பேற்றார். ஸ்வான்லியிலிருந்து மேலும் சிலர் கியூவுக்குச் சென்றனர். ஆனால் 1902 அளவில் பெண்களைச் சேர்ப்பது நின்று போனது. முதலாம் உலகப்போரில் ஆண்கள் படைக்குச் சென்ற பின், 1915 இல் கியூ மீண்டும் பெண்களைச் சேர்த்துக் கொண்டது. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அப்பெண்கள் படிப்படியாக விலகினர். இரண்டாம் உலகப்போரின் போதும் ஆள் பற்றாக்குறையே பெண்களுக்கு மீண்டும் வாயிலைத் திறந்தது.

ஃபேனி வில்கின்சன்

1902 முதல் 1916 வரை கல்லூரியின் முதல்வராக இருந்த ஃபேனி வில்கின்சன் (1855–1951) பிரித்தானியாவின் முதல் தொழில்முறைப் பெண் நிலத்தோற்ற வடிவமைப்பாளராகக் கருதப்படுகிறார். 1880களின் தொடக்கத்தில் இவர் கிறிஸ்டல் பேலசில் இருந்த நிலத்தோற்றத் தோட்டக்கலைப் பள்ளியில் சேர விரும்பினார். அப்பள்ளி ஆண்களுக்கென அமைக்கப்பட்டிருந்தபோதிலும், முயன்று இடம் பெற்று, பதினெட்டு மாதப் பயிற்சியை முடித்தார். பின்னர் இலண்டன் மாநகரப் பொதுப் பூங்காக் கழகத்தில் பணியாற்றி, 1890 இல் திறக்கப்பட்ட வாக்ஸ்ஹால் பூங்கா உட்படப் பல பூங்காக்களை வடிவமைத்தார். பெண் என்பதற்காகக் குறைந்த ஊதியத்தை ஏற்பதில்லை என்பதை வெளிப்படையாகக் கூறியவர் இவர். அனுமதிக்காகத் தாம் போராடிய ஒருவரே, பின்னர் பிறருக்கு அனுமதி வழங்கும் பொறுப்பில் அமர்ந்தார்.

குறிப்பிடத்தக்க மாணவியர்

* மேடலின் ஏகர் – வில்கின்சனுக்குப் பின் மாநகரப் பொதுப் பூங்காக் கழகத்தின் வடிவமைப்பாளராக இருந்தவர். பின்னாளில் ஸ்வான்லியில் கற்பித்தார்.
* பிரெண்டா கால்வின் (1897–1981) – 1919 இல் கல்லூரியில் சேர்ந்தார். 1929 இல் நிலத்தோற்றக் கட்டடக் கலைஞர் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1951 இல் அதன் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதற் பெண் இவரே.
* சில்வியா குரோ (1901–1997) – 1920 முதல் 1922 வரை பயின்றார். ஹார்லோ புதுநகரின் நிலத்தோற்ற ஆலோசகராகப் பணியாற்றினார். 1957 இல் மேற்கூறிய கழகத்தின் தலைவரானார்.

முடிவு

இரண்டாம் உலகப்போரில், 1944 ஆம் ஆண்டு நிகழ்ந்த குண்டுவீச்சில் கல்லூரிக் கட்டடங்கள் பெரும் சேதமடைந்தன. 1945 இல் ஸ்வான்லி, கென்ட் கவுண்டியிலேயே இருந்த வை கல்லூரியுடன் இணைக்கப்பட்டது. வேளாண்மையும் தோட்டக்கலையும் அங்கு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. வை கல்லூரி 2000 ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் இணைந்து, 2009 இல் மூடப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* கியூ அரச தாவரவியல் பூங்கா
* அரச தோட்டக்கலைச் சங்கம்
* உதகமண்டலம் தாவரவியல் பூங்கா