கூலி வாங்காதவர் காயம்

கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டி ஏறிவருவதற்கு முந்திய நாளில், அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் இராப்பொழுதெல்லாம் குலுங்கி, கிருஷ்ணம நாயக்கன் தோப்பு என்னும் அடிவாரத் தங்கலை அடைந்த துரைமாரையும் பாதிரிமாரையும், அவர்தம் மனைவி மக்களையும் மூட்டை முடிச்சுகளையும், செங்குத்தான மலைப்பாதையில் தோள்மேல் சுமந்து ஏற்றியவர்கள் டோலிக் கூலிகளே ஆவர். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என இரண்டு பங்களாக்களை எழுப்பிக் குடியேறியதும், 1863-இல் கலெக்டர் லெவிஞ்சு துரை ஏரியை உண்டாக்கியதும், மேஜர் லா மலைச்சாலைக்குத் தம் பெயரை ஈந்ததும் சரித்திரத்தில் செவ்வனே பதிந்துள்ளன. டோலி சுமந்தவனுடைய கணுக்கால் பிசகியதோ, தோள் எலும்பு முறிந்ததோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏற்ற வேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

கூலியாளின் காயத்துக்கு ஈடு தரவேண்டும் என்னும் எண்ணம் இத்தேசத்தில் சட்ட வடிவம் பெற்றது, பிரிட்டனில் 1897-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அடியொற்றி இங்கே 1923-இல் நிறைவேறி மறு ஆண்டு ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தினால்தான். வேலையின் காரணமாகவும் வேலையின் ஊடாகவும் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாளி என்று அது வகுத்தது. விபத்து நேர்ந்ததை இயன்ற விரைவில் அறிவிக்க வேண்டுமென்றும், அவ்வறிவிப்பை எழுதிவைக்க ஒரு புத்தகம் வைத்திருக்கும்படி அரசு முதலாளிக்கு விதிக்கலாமென்றும் கூறியது. ஆயின் நஷ்டஈட்டுத் தொகை மாதக் கூலியைக் கொண்டே கணக்கிடப்பட்டமையால், கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று விடை சொல்லக்கூடிய ஒருவன் அச்சட்டத்தின் வாசலுக்குள்ளேயே நுழைய இயலவில்லை. தொண்டன் அவ்வாறு வெளியே நின்றவன். சட்டம் இயற்றியவர்கள் அவனை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவன் அவர்கள் கண்ணில் படவேயில்லை.

தொண்டனை அரசு கண்ணெடுத்துப் பார்த்த சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை; அவை பெரும்பாலும் ஆபத்துக் காலத்தில்தான் வந்தன. சீனப் படையெடுப்பின் போது, 1962-இல், நெருக்கடிக் காலத்துக் காயங்களுக்கு நிவாரணம் அளிக்க இயற்றப்பட்ட சட்டம், சிவில் பாதுகாப்புத் தொண்டர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது மத்திய அரசு அறிவித்த ஐம்பது லட்ச ரூபாய்க் காப்பீட்டிலும், நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் அமர்த்தப்பட்ட தன்னார்வலர்க்கு இடம் இருந்தது. ஆபத்து நீங்கியதும் அவன் மறுபடியும் கண்ணுக்கு மறைந்துபோகிறான்.

காயத்துக்கான எழுத்துப் பிரமாணத்தின் அருமையைக் கொடைக்கானல் அறிந்துகொண்டது வெகு கசப்பான முறையில். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில், பாம்பார்ச் சோலையை அடுத்த செயின்ட் மேரீஸ் சாலையில் நிறுவப்பட்டது. கூலி வாங்கியவர்கள் வேலை செய்த இடம் அது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முழுமையாகப் பொருந்திய இடம். அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பாதரச நஞ்சு, அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே குறிக்கப்பட்டிருந்தது. வைத்தியம் பார்த்த மருத்துவரும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதவேண்டுமென்று 89-ஆம் பிரிவு விதித்திருந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய 7.4 டன் கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதை ஊர்மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்திய பிறகுதான் ஆலை மூடப்பட்டது. அதன் பின்னர் நடந்த நெடிய வழக்கு, முதன்மையாக ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழன்றது: இந்த உடம்பில் உள்ள நோய் அந்தக் கூடத்தில் வந்ததுதானா? ஆலையை நடத்திய நிறுவனம் மறுத்தது, தனக்குச் சாதகமான ஆய்வுகளை எடுத்துக்காட்டியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. முடிவில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கை ஆயிற்று. அதுவும் மனிதாபிமான அடிப்படையில் என்றே நிறுவனம் அதனைக் கூறிக்கொண்டது. இதில் என் சிந்தையை விட்டு அகலாதது ஒன்றுண்டு: சட்டமும் ஆய்வாளரும் இருந்த ஓர் ஆலையின் தீங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் பலர், ஒரு காசு கூலியின்றி உழைத்த தொண்டர்கள்.

அத்தகையோர் இம்மலையில் இன்றும் குறைவில்லை. நாயுடுபுரத்துச் சரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஓடைக்கரையில் சுற்றுலாக்காரர் எறிந்த புட்டிகளைப் பொறுக்கவோ உண்ணிச்செடிப் புதரை வெட்டவோ இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈர மண்ணில் ஒருவருடைய கால் சறுக்கி, ஊன்றிய உள்ளங்கையில் கண்ணாடிச் சில்லு ஆழ இறங்குகிறது. யாரோ ஒருவர் கைக்குட்டையால் கட்டுகிறார், இன்னொருவர் அருகிலுள்ள வீட்டிலிருந்து காப்பித்தூள் வாங்கிவந்து அப்புகிறார் (இது செய்யத்தகாத வேலை, ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, சில்லு உள்ளே தங்கியிருந்தால் அதன்மேல் படாமல் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தலே முறை). ‘ஒன்றுமில்லை, சின்னக் காயம்தான்’ என்று அடிபட்டவரே சொல்லிவிடுகிறார். தொண்டு செய்ய வந்த இடத்தில் உபத்திரவமாகிவிடக் கூடாதே என்னும் கூச்சம் அவருக்கு. மறுநாள் கை வீங்கி அரசு மருத்துவமனைக்குப் போகும்போது, ரணஜன்னித் தடுப்புக்கான டி.டி. ஊசி போடுமுன் ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டால், ‘வழுக்கி விழுந்துவிட்டேன்’ என்பது மட்டுமே விடை. விபத்துப் பதிவேட்டில், ஜனங்கள் ‘ஏ.ஆர்.’ என்று சொல்லும் அந்த ஏட்டில், பதிந்தாலும் அந்த இரண்டு சொற்களே பதியும். எந்தச் சங்கத்தின் அழைப்பின்பேரில், எந்தச் சரிவில், என்ன வேலையில் என்பன யாவும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆறு மாதம் கழித்தும் விரல் மடங்க மறுக்கும்போது, தசைநார் அறுந்தது அந்தக் காலையில்தான் என்பதற்கு அவருடைய ஞாபகமன்றி வேறு சாட்சி இராது.

கூலியாளுக்காவது வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் இருக்கின்றன. அவன் அன்று அங்கே இருந்தான் என்பதை அவை நிலைநாட்டும். தொண்டனுக்கு அவையும் இல்லை. ஆகையால், கூலியாளைவிடத் தொண்டனுக்கே காயத்தைப் பற்றிய எழுத்து அதிகம் வேண்டப்படுகிறது என்பது என் துணிபு. தொண்டில் கணக்கு வழக்கு எதற்கு, அது நம்பிக்கைக் குறைவைக் காட்டாதா என்று கேட்கும் பெரியவர்களை நான் அறிவேன். கோயில் அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டையைப் படி கணக்காக எழுதிவைப்பதில் அவர்களுக்கு நம்பிக்கைக் குறைவு ஏதும் தோன்றுவதில்லை.

நாயுடுபுரத்திலும் மற்ற மலையூர்களிலும் தொண்டுக்கு ஆள் கூட்டும் சங்கத்தார், கையுறையும் அரிவாளும் வாங்கும் செலவோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வந்தவர் பெயரைக் காலையிலேயே அதில் எழுதுங்கள். எவருக்கேனும் அடிபட்டால் நேரம், இடம், செய்த வேலை, உடம்பில் பட்ட பாகம், செய்த முதலுதவி, கண்டவர் இருவரின் கையெழுத்து ஆகியவற்றை அன்று மாலைக்குள் பதிந்து, அதன் பிரதி ஒன்றை அடிபட்டவர் கையில் கொடுத்து, மருத்துவமனைக்கும் ஒருவர் உடன் சென்று நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.