ரெண்டையும் பார்த்தவன் பேசலாம்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் அப்பா நடத்திய சலூனில் இரண்டே நாற்காலிகள். இடப்பக்கம் அப்பா. அவர் கண்ணாடிக்கு மேலே வீரபாண்டிய கட்டபொம்மன் வேடத்தில் சிவாஜி. வலப்பக்கம் சித்தப்பா. அவர் கண்ணாடிக்கு மேலே எம்.ஜி.ஆர். காலண்டர். சித்தப்பா நாற்காலி காலியாகவே கிடந்தாலும் சிவாஜி ரசிகர்கள் அதில் உட்கார மாட்டார்கள். பெஞ்சில் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருப்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்களும் அப்படித்தான்.

கட்டபொம்மன் படத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் வெறும் ஆணி ஒன்று உண்டு. அதில் எதையும் மாட்ட அப்பா விட்டதில்லை.

எந்தப் படத்துக்கு விருது தகும் என்ற வழக்கு அந்தக் கடையில் வருஷா வருஷம் நடந்தது. கையில் சவரக் கத்தி இருக்கும்போது விவாதம் சூடேறினால் அப்பா கத்தியை மடக்கி மேஜையில் வைத்துவிடுவார். பாதி முகம் நுரையோடு வாடிக்கையாளரும் பேச்சில் சேர்ந்துகொள்வார். கடைக்கு ஒரே ஒரு சட்டம்: "ரெண்டு படத்தையும் பார்த்தவன் பேசலாம். ஒண்ணை மட்டும் பார்த்தவன் கேட்டுக்கோ." இந்தச் சட்டத்துக்காகவே எதிர்த்தரப்புப் படத்துக்கு இரண்டாம் ஆட்டம் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். ரசிகர் சண்டை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். நடிப்பை உற்றுப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான். வேறு எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

அந்த வழக்கின் வேர் 1954. அந்த வருஷம்தான் மத்திய அரசு திரைப்படங்களுக்கு விருது கொடுக்கத் தொடங்கியது. முதல் தங்கப் பதக்கம் ஆசார்ய அத்ரே எடுத்த 'ஷ்யாம்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்குப் போனது. அடுத்த ஆண்டுத் தேர்வில் தமிழுக்கென்று கிடைத்த குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ளன்' படத்துக்கு. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படம். நாமக்கல் கவிஞர் கதை, கலைஞர் வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். ஆறு மொழிகளில் எடுக்கப்பட்டு, இந்தியில் 'ஆசாத்' என்ற பெயரில் திலீப்குமார் நடித்து ஓடிய கதை அது. அதே ஆண்டு இரண்டாவது சிறந்த தமிழ்ப் படம் என்ற நற்சான்றிதழ் 'அந்த நாள்' படத்துக்கு. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கம், சிவாஜி நாயகன். ஒரு பாட்டு கிடையாது, ஒரு நடனம் கிடையாது. படம் தொடங்கியதுமே நாயகன் சுடப்பட்டுச் செத்துவிடுகிறான். யுத்த காலத்தில் சென்னையில் குண்டு விழுந்த பின்னணியில், கொன்றது யார் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு போகிற கதை. பாட்டில்லாத படத்தை ஜனங்கள் அப்போது பெரிதாக ஏற்கவில்லை.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த முதல் வழக்கு இதுதான். நான் பிறக்கும் முன்பே தொடங்கி, நான் பெரியவனான பிறகும் நடந்தது. சித்தப்பா கட்சி: ஊர் முழுக்க விசிலடித்துப் பார்த்த படத்துக்குப் பதக்கம் கொடுத்ததில் என்ன தப்பு? அப்பா கட்சி: ஒருவரும் செய்யத் துணியாததைச் செய்தவனுக்கு இரண்டாம் இடம் கொடுத்தால், அடுத்த ஆள் எப்படித் துணிவான்? இந்த ஒரு வழக்கில் நான் அப்பா பக்கம்தான். 'அந்த நா'ளை இன்றைக்குப் போட்டாலும் கடைசிவரை உட்காரவைக்கிறது. 'மலைக்கள்ள'னில் பாட்டுகள் நிற்கின்றன, எம்.ஜி.ஆரின் துறுதுறுப்பு நிற்கிறது, நடுவே நிறைய இடம் தள்ளாடுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் கவனிக்கவில்லை. 'பாசமலர்' படத்துக்கு ஏன் கொடுக்கவில்லை, 'கர்ண'னுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று மேஜையைத் தட்டிக் கேட்பார்கள். கொடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. முதல் பதிநான்கு ஆண்டு மத்திய அரசு விருதுகளில் நடிகருக்கென்று விருதே கிடையாது. பதக்கமும் சான்றிதழும் படத்துக்கு. வாங்கிக்கொள்வது தயாரிப்பாளரும் இயக்குநரும். 'பராசக்தி' 1952, 'கட்டபொம்மன்' 1959, 'பாசமலர்' 1961, 'கர்ணன்' 1964, 'திருவிளையாடல்' 1965. சிவாஜி உச்சத்தில் நின்ற காலம் முழுவதும் அந்தப் போட்டியில் நடிகன் என்று ஒரு வகையே இல்லை. கெய்ரோவில் 1960இல் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா 'கட்டபொம்ம'னுக்காக அவரைச் சிறந்த நடிகர் என்று சொன்னது. தில்லிக்கு அதற்கான ஏற்பாடே அப்போது இல்லை.

1967ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான் நடிகருக்கு 'பாரத்', நடிகைக்கு 'ஊர்வசி' என்று விருதுகள் வந்தன. முதல் பாரத் வங்காளத்து உத்தம்குமாருக்கு, இரண்டு படங்களுக்காக. அந்த வாரம்தான் அப்பா சுவரில் ஆணி அடித்தார். சிவாஜி பாரத் வாங்கும் படம் பத்திரிகையில் வந்ததும் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று.

1968இல் 'தில்லானா மோகனாம்பா'ளும் 'உயர்ந்த மனித'னும் வந்தன. 'உயர்ந்த மனித'னில் பாடியதற்காகப் பி. சுசீலாவுக்குப் பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. நடிகர் விருது 'ஆசீர்வாத்' படத்துக்காக அசோக்குமாருக்கு. 1969இல் 'தெய்வமகன்' ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போனது. தில்லியில் பாரத் 'புவன் ஷோம்' படத்துக்காக உத்பல் தத்துக்கு. 1970இல் 'தஸ்தக்' சஞ்சீவ்குமார். ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரு துணியை எடுத்து அந்த ஆணியைத் துடைப்பார்.

பிற்பாடு இந்தப் படங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். உத்பல் தத் அதிகம் பேசாமலே ஒரு கண்டிப்பான அதிகாரி இளகுவதைக் காட்டிவிடுகிறார். 1972க்கு விருது வாங்கிக் கொடுத்த 'கோஷிஷ்' படத்தில் சஞ்சீவ்குமாருக்குப் பேச்சே இல்லை. வாய் பேசாத, காது கேளாத பாத்திரம். சிவாஜியின் கலை பாதிக்கு மேல் நாக்கில் இருந்தது. 'மாமனா மச்சானா' என்று கட்டபொம்மன் ஏறி இறங்குவதில் உள்ள தாளம் தமிழ்க் காதுக்குத்தான் விழும். பல மொழிக்காரர்கள் சேர்ந்து உட்காரும் நடுவர் குழுவுக்குச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும், சங்கீதம் கேட்டிருக்காது. சிவாஜிக்குக் கிடைக்காமல் போனதற்கு நான் காணும் பெரிய காரணம் இது. அப்பா இதை ஒப்புக்கொண்டதில்லை.

பிறகு 1971. நம்பவே முடியாத பொருத்தம்: அந்த ஒரே வருஷத்தில் இருவரும் ரிக்‌ஷா இழுப்பவராக நடித்தார்கள். மே மாதம் 'ரிக்‌ஷாக்காரன்'. சத்யா மூவிஸ் படம், எம்.ஜி.ஆருக்குச் சைக்கிள் ரிக்‌ஷா. தீபாவளிக்குப் 'பாபு'. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், சிவாஜிக்குக் கை ரிக்‌ஷா. மலையாளத்தில் சத்யன் நடித்த 'ஓடையில் நின்னு' கதைதான் 'பாபு'. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள்.

1972இல் முடிவு வந்தது. சிறந்த நடிகர் எம்.ஜி.ஆர்., 'ரிக்‌ஷாக்காரன்'. ஊர்வசி நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானுக்கு, 'ரேஷ்மா அவுர் ஷேரா' என்ற இந்திப் படத்துக்காக. தமிழின் சிறந்த படமாகத் தேர்ந்தது இரண்டு ரிக்‌ஷாவும் இல்லை, 'வெகுளிப் பெண்'. சித்தப்பா அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் முடி வெட்டினார். காலண்டருக்குக் கீழே 'பாரத்' என்று எழுதி ஒட்டினார். அப்பா மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில் கை ரிக்‌ஷா போட்டிருந்த ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டு படமும் பார்த்தவர். எந்த நாற்காலி காலியோ அதில் உட்காரும் ஒரே ஆள். அப்பா கேட்டார், "நீயே சொல்லுப்பா. உன் தொழிலு. எதுக்குத் தகும்?"

அவர் எழுந்து கடை நடுவில் நின்றார். இரண்டு கையையும் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, இல்லாத கட்டைகளைப் பிடித்தார்.

"அண்ணே, சவாரி ஏறினா வண்டி பின்னால சாயும். கட்டை நம்மளத் தூக்கப் பாக்கும். வெயிட்ட முன்னால போட்டு அமுக்கிக்கினே ஓடணும். இறக்கம் வந்தா வண்டி முதுகுல மோதும், குதிகால ஊனி நிறுத்தணும். இருபது வருசம் இப்பிடி ஓடினவன் முதுகு, சும்மா நிக்கசொல்லக்கூட நேரா நிக்காது." அவர் கட்டைகளை விட்டுவிட்டுச் சாதாரணமாக நின்றார். முதுகு நேராகவில்லை. "சிவாஜி அய்யா பாபுல நின்னாரே, டீ குடிக்கசொல்ல நின்னாக்கூட இந்த முதுகுதான். அவரு எங்க கத்துக்கினாருன்னு தெரியல."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். ரிக்‌ஷாக்காரர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா வாத்தியாரு அந்த வண்டி மேல குந்திக்கினு வர்றாரு பாருங்க, அந்தப் பந்தயம், அந்தச் சண்டை... மூணு தபா பாத்தேன். நடிப்புன்னா பாபுதாண்ணே. எனக்கு அந்த சைக்கிள் வண்டிதான் வேணும்."

சித்தப்பாவும் விடவில்லை. ஐம்பத்து நாலு வயசில் ஒருத்தர் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடி சண்டை போடுகிறார், பார்க்கிறவனுக்கு அதில் கஷ்டமே தெரியவில்லை, அந்தக் கஷ்டத்தை மறைப்பதும் நடிப்புதான் என்றார். அது நல்ல வாதம். அன்றைக்கு அப்பாவிடம் பதில் இல்லை. இன்றைக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனாலும் கேட்டால் 'பாபு' என்றுதான் சொல்வேன். அந்த முதுகுக்காக.

விருதில் அரசியல் கலந்தது என்ற பேச்சு உடனே கிளம்பியது. 1971 மார்ச் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் ஒரே அணி, எம்.ஜி.ஆர். தி.மு.க. பொருளாளர். சிவாஜி, காமராஜரின் தோற்றுப்போன அணியில் நின்றவர். பெஞ்சில் இருந்தவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. அதே 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியை விட்டு நீக்கப்பட்டு அ.தி.மு.க. தொடங்கியபோது வேடிக்கையாகத் தரப்புகள் இடம் மாறின. அதுவரை அந்த விருதுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் சிலரே, 'அதை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான்' என்று எங்கள் கடையிலேயே பேசினார்கள். அப்பா அதை அனுமதிக்கவில்லை. "படத்தப் பத்திப் பேசு. ஆளு எந்தக் கட்சின்னு இங்க வேணாம்" என்றார். தனக்குச் சாதகமான வாதத்தை அவரே வெட்டியது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

1973இல் கலைஞர் அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. எங்கள் ரிக்‌ஷாக்காரர் புது வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி மணி அடித்தார். அப்பாவையும் சித்தப்பாவையும் ஒன்றாக ஏற்றிக் கல்மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். மிதிக்கும்போதும் அவர் முதுகு வளைந்துதான் இருந்தது.

அதன் பிறகு வழக்குகள் சுருக்கமாகிவிட்டன. 'மூன்றாம் பிறை', 'நாயகன்' என்று கமல் வாங்கினார். 1985இல் 'முதல் மரியாதை' தமிழின் சிறந்த படமாகத் தேர்ந்தது. நடிகர் விருது 'நியூ டெல்லி டைம்ஸ்' சசிகபூருக்கு. 1990க்கான தேர்வில் முதன்முதலாக ஒரு தமிழ்ப் படம் அகில இந்தியாவின் சிறந்த படமாகித் தங்கத் தாமரை வாங்கியது. இந்திரா பார்த்தசாரதி கதை, 'மறுபக்கம்'. இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன். பெயரைப் பத்திரிகையில் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. 'ஓடையில் நின்னு' எடுத்தவர் அவர்தான். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம பாபுவப் பெத்தவரு" என்று சொல்லிவிட்டு, தூர்தர்ஷனில் அந்தப் படம் வந்தபோது முழுக்க உட்கார்ந்து பார்த்தார்.

1992க்கான முடிவில் 'தேவர் மக'னுக்காகச் சிவாஜிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. நடிகர் விருது மிதுன் சக்கரவர்த்திக்கு. அப்பா கண் பார்வை மங்கத் தொடங்கிய நேரம். நான் வாசித்துக் காட்டினேன். "அந்த நாளுக்குக் குடுத்த மாதிரி ரெண்டாவது சர்ட்டிபிகேட்டு" என்றார். ஆணிப் பக்கம் அவர் போகவில்லை.

1996க்கான தாதாசாகேப் பால்கே விருது சிவாஜிக்கு என்று வந்தபோது சித்தப்பாதான் முதலில் ஓடி வந்தார். பத்திரிகைப் படத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு அவரே வாங்கி வந்தார். நாற்காலி மேல் ஏறி ஆணியில் மாட்டப் போனபோது அப்பா தடுத்தார்.

"அங்க வேணாம்டா. இது ஆளுக்குக் குடுத்தது. நான் கேட்டது படத்துக்கு."

சித்தப்பா இறங்கி, சுத்தியலை எடுத்துவந்து, கட்டபொம்மனுக்கு மறுபக்கம் புது ஆணி ஒன்று அடித்தார். 2001 ஜூலையில் சிவாஜி இறந்தபோது கடைக்கு மூன்று நாள் கதவடைப்பு. அதற்கு நான்கு வருஷம் கழித்துக் கடையைக் கைமாற்றிக் கொடுத்தோம். படங்களையெல்லாம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய ஆணியைப் பிடுங்கவா என்று கேட்டேன். அப்பா சுவரைத் தடவிப் பார்த்து, அது இருக்கும் இடத்தில் விரலை வைத்து, இருக்கட்டும் என்றார்.