பிள்ளைகளின் நாடகத்தை யார் எழுதுவது?



தமிழ் மொழித் தினம் நெருங்கினால் எங்கள் பாடசாலைகளில் நாடகப் பயிற்சி தொடங்கிவிடும். பிரதியை ஓர் ஆசிரியர் எழுதுவார், இல்லாவிட்டால் வெளியில் எழுதி வாங்குவோம். பிள்ளைகள் மனனம் செய்வார்கள். தலைப்பு சமூக நீதியாகவே இருக்கலாம், ஆனால் வசனம் முழுவதும் பெரியவர்களுடையது.

எங்கள் நாடக வரலாறு இதற்கு வேறொரு வழியும் காட்டுகிறது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு கூத்துகளை மேடையேற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு. கூத்தைக் கற்ற அந்த மாணவர் அதோடு நிற்கவில்லை. 1969இல் அதே வடமோடி ஆட்டத்தில் 'சங்காரம்' என்ற புதிய நாடகத்தை ஆக்கினார். அதில் வரும் அரக்கர்கள் புராணத்து அரக்கர்கள் அல்லர். சாதி, இனம், மதம், வர்க்கம் என்பவைதான் அரக்கர்கள். அவர்களை வெல்பவர்கள் உழைக்கும் மக்கள்.

அன்றைய நாட்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே போகும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தையொட்டி என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் பிறந்தது. சட்டம் சொல்லியும் கேட்காத ஊருக்கு மேடை சொல்லிப் பார்த்தது.

1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட 'மண் சுமந்த மேனியர்' வந்தது. நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். போருக்குள் வாழ்ந்த சனங்களின் துயரத்தை அதே சனங்களின் முன்னால் கொண்டுபோய் ஆடினார்கள்.

வெளிநாடுகளிலும் இப்படித்தான். 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நிறபேதத்துக்கு எதிராக வீதியில் இறங்கியவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் அவர்கள் மீது ஏவினார்கள். மறுவருடம் குடிசார் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. 1976 ஜூன் 16 அன்று தென்னாபிரிக்காவின் சுவெட்டோவில் மாணவர்கள் எதிர்த்தது, ஆபிரிக்கான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை. 1987இல் அது 'சரஃபினா' என்ற நாடகமானது. மேடையில் ஆடியவர்களும் இளையவர்களே. 1956இன் மொழிச் சட்டத்தைக் கண்ட எங்களுக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல.

இனி எங்கள் கொழும்புக்கு வருவோம். இங்கே நாடகத்துக்குக் கதை பஞ்சமா? 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்று பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். அவ்வருடம் டிசம்பர் 31 அன்று மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூடிக் கேட்டார்கள். உரிமை கிடைத்தது. எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

1983 ஜூலையில் வெள்ளவத்தை காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000 அளவிலான முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் தொழுகைக்கு வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் மையித்துகளை எரித்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பறையை எடுத்தால், இந்த நாலு காயத்தில் ஏதோ ஒன்று ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கும்.

சிக்கல் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சமூகமும் தன் காயத்தை மட்டும் மேடையேற்றினால், அது முறைப்பாடாகத்தான் முடியும். அடுத்தவரின் காயத்தையும் நடிக்கத் துணியும்போதுதான் அங்கே நீதி பேசப்படும். முஸ்லிம் பிள்ளை 1983இன் கடைக்காரராகவும், தமிழ்ப் பிள்ளை வடக்கை விட்டு வெளியேறும் உம்மாவாகவும் நிற்கட்டும். எழுதிக் கொடுத்த வசனத்தால் அது வராது. பிள்ளை தானே பெரியவர்களிடம் கேட்டு, தன் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், அதைக் கேட்க வேண்டும் என்பது அதன் 12ஆம் உறுப்புரை. 'நாடகமும் அரங்கியலும்' எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு பாடம். ஆகவே புதிதாக அனுமதி எதுவும் தேவையில்லை.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த தடவை பிரதியோடு வகுப்புக்குப் போகாதீர்கள். வெறுங் கொப்பியோடு போங்கள். "உங்களுக்கு எது அநியாயமாகப் படுகிறது?" என்று கேளுங்கள். சொல்வதை எழுதுங்கள், திருத்த அவசரப்படாதீர்கள். பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்து பழைய கதை கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்று வாயை மூடாதீர்கள்.

பரிசு கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த நாடகம் பிள்ளைகளுடையதாக இருக்கும்.